வாளியில் ஏறிய தண்ணீர்

குரெஸ்ஸாரே ஊரில் ஜனவரி என்றால்
காலை எட்டு மணியும் இரவின் கணக்கில்தான் சேரும்.
பிள்ளைகளின் கோட்டில் தொங்கும் ஒளிவில்லைகள்
கார் வெளிச்சத்தில் மின்னி மின்னி வந்து
பள்ளிக் கொக்கியில் ஏறியதும்
சும்மா பிளாஸ்டிக் ஆயின.

மூன்றாம் வகுப்பு. பத்தொன்பது பேர்.
நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுக்
கம்பளிக் காலுறையோடு தரையில் வட்டமாக.
"இவர் நம் விருந்தாளி" என்று மட்டும் சொன்னார் ஆசிரியை மாரெத்.
படம் செய்தவள் என்று சொல்ல வேண்டாமென
நான்தான் கேட்டிருந்தேன்.
அடக்கம் ஒன்றுமில்லை.
பிடிக்கவில்லை என்றால் நழுவ ஒரு வழி.

நான்கு நிமிடப் படம்.
நொடிக்குப் பன்னிரண்டு முறை
பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்தி,
மூச்சைப் பிடித்து, ஒரு சொடுக்கு.
கம்பளியில் முள்ளெலி, ஜூனிபர் கட்டையில் காகம்,
நீல ஜெலட்டினில் தண்ணீர்.
காகம் வாளிக்குக் காவல்.
வருகிறவர்க்கெல்லாம் ஒரு குவளை.
கடைசியில் வரும் முள்ளெலிக்கு
வாளியின் அடி மட்டும்.

இது நியாயமா?
அந்தக் கேள்விக்காகத்தான் எட்டு மாதம் உழைத்தேன்.
அதை யாராவது கேட்பார்கள் என்று
முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

"எது உறுத்துகிறது?" என்றார் மாரெத்.
ஒரு சிவப்புக் கையுறையை வட்டத்துக்குள் போட்டார்.
கையுறை யாரிடமோ, பேச்சு அவரிடம்.

தோர்மி எடுத்தான்.
"முயல் குடிக்கும்போது பாதி வாளி.
அடுத்து நரி வரும்போது முக்கால் வாளி."

மூன்று திரைவிழா. ஒரு நடுவர் குழு.
ஒருவர் கண்ணிலும் படவில்லை.
என் காது மடல் சுட்டது.

மறுபடி ஓட்டினார்கள். நிறுத்தினார்கள்.
ஹீயே திரையருகே போய் விரல் வைத்து அளந்தாள்.
நாலு விரல்.
பிறகு ஆறு.

"காகம் ரகசியமா ஊத்தியிருக்கும்."
"அப்போ முள்ளெலிக்கும் ஊத்தியிருக்கலாமே."
"அதான் சொல்றேன், காகம் கெட்டது."
"ஊத்தினதைப் பாத்தியா?"
"இல்லை. வேற யாரு இருந்தா அங்கே?"
"மழை."
"மழைன்னா முயல் நனைஞ்சிருக்கும்."
முயலைத் தேடி மறுபடி ஓட்டினார்கள்.
நனையவில்லை.

மாரெத் பேசியது மொத்தம் மூன்று முறை.
மூன்று முறையும் ஒரே வாக்கியம்:
"அது எப்படித் தெரியும்?"

லீலோ கையுறையை மடியில் வைத்து நீவிக்கொண்டே,
"நான் காகம் திருடின்னு சொன்னேன்.
இப்போ தெரியலைன்னு மாத்திக்கறேன்" என்றாள்,
வெயில் படும் பக்கம் நகர்ந்து உட்கார்வதுபோல
அவ்வளவு சாதாரணமாக.
எனக்கு நாற்பத்தாறு வயது.
அந்த வாக்கியத்தை நான் சொன்ன நாட்களை
எண்ணிப் பார்த்தேன்.
ஒரு கை விரல்கள் மிச்சமாயின.

உகு சொன்னான்:
"செஞ்சவங்க மறந்திருக்கலாம்."

கையுறையை நானே கேட்டு வாங்கினேன்.
உள்ளே இன்னும் சூடு இருந்தது.
"செய்தது நான்தான்.
ஒரு வெள்ளிக்கிழமை விளக்குச் சூட்டில் ஜெலட்டின் உருகியது.
திங்கட்கிழமை புதிதாக ஊற்றினேன்.
பழைய உயரத்தை மறந்துவிட்டேன்."

பத்தொன்பது தலைகள் திரும்பின.
இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.
விடை வந்தால் வகுப்பு முடியத்தானே வேண்டும்.

ஹீயே கையுறைக்குக் காத்திருக்கவில்லை.
"மறந்துட்டேன்னு சொல்றீங்க.
மறந்தது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை.
அவர்கள் உண்மையாகவே
பதிலுக்குக் காத்திருந்தார்கள்.
மணி அடித்தது. சூப் வாசனை வந்தது.
கையுறை என்னிடமே தங்கிவிட்டது.

அன்றிரவு படப்பிடிப்புக் குறிப்பேட்டைத் திறந்தேன்.
வெள்ளிக்கிழமைப் பக்கம் காலி.
திங்கட்கிழமை ஒரே வரி:
"தண்ணீர் மாற்றியாயிற்று. உயரம் அளந்தேன், சரி."

என் கையெழுத்துதான்.
முன்பக்கமும் பின்பக்கமும் நீல மை.
அந்த வரி மட்டும்
பென்சில்.